காரைத் தாழ்த்துவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு

குன்னூரில் நான்கு நாளாக விடாத மழை. வெளியே போக வழியில்லை, அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் நீண்டுவிட்டது. டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறான். செகண்ட் ஹேண்ட்தான், ஆனால் அவன் உழைத்துச் சேர்த்த பணம். படத்தைப் பார்த்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. இப்போது அதற்கு லோயரிங் ஸ்பிரிங் போட்டு மூன்று சென்டிமீட்டர் இறக்கி, அகலமான அலாய் வீலும் மாட்டப் போகிறானாம். எந்த ஸ்பிரிங், எந்த அளவு வீல் என்று அவன் பேட்ச் குரூப்பில் கேட்க, நாற்பது பதில் வந்திருக்கிறது. கடைசியில் எனக்கு அனுப்பி, "டீச்சர், நீங்க என்ன சொல்றீங்க?" என்றான்.

டீச்சருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்காதீர்கள். என் வீட்டுக்காரர் இருபது வருஷத்துக்கு மேல் வீல் அலைன்மென்ட் கடை நடத்தியவர். வளைந்த ரிம், கிழிந்த டயர், எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பர் எல்லாம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைப் பேச்சு. நான் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் எடுத்தவள். சுருள்வில் தராசை உங்கள் கையில் கொடுத்து, எடை கூடக் கூட வில் எவ்வளவு நீளுகிறது என்று கோடு போடச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? காரின் ஸ்பிரிங்கும் அதே பாடம்தான். இங்கே நீளுவதற்குப் பதில் அமுங்குகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீலகிரிக்கு வந்து போகிற காருக்கு லோயரிங் ஸ்பிரிங் வேண்டாம். வீலும் டயரும் ஒரு படி ஏற்றலாம், அதற்கு மேல் வேண்டாம். மிச்சப் பணத்தை பிரேக்குக்கும் நல்ல டயருக்கும் செலவழி. ஏன் என்று இனி விளக்குகிறேன்.

முதலில் நியாயமாகப் பேசுவோம். காரை இறக்கினால் பலனே இல்லை என்று சொல்ல மாட்டேன். பலன் உண்டு. வளைவில் திரும்பும்போது காரின் எடை உள்பக்கச் சக்கரத்தில் இருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகிறது. புவியீர்ப்பு மையம் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ, அவ்வளவு குறைவாக எடை மாறும். நான்கு டயரும் கூடியவரை சமமாகத் தரையைப் பிடிக்கும். பந்தயக் கார்கள் தரையோடு ஒட்டிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் எவ்வளவு பலன்? கணக்குப் போடுவோம். காரின் எடை 1,400 கிலோ, புவியீர்ப்பு மையத்தின் உயரம் 50 செ.மீ., இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 150 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய பத்து மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் திரும்பினால், பக்கவாட்டு விசை காரின் எடையில் பாதி அளவு வரும். அதாவது 700 கிலோ. இதை 50-ஆல் பெருக்கி 150-ஆல் வகுத்தால் சுமார் 233 கிலோ. இவ்வளவு எடை உள்பக்கத்தில் இருந்து வெளிப்பக்கம் மாறுகிறது.

இப்போது காரை 3 செ.மீ. இறக்குவோம். 50 இருந்த இடத்தில் 47. மாறும் எடை 219 கிலோ. மிச்சம் 14 கிலோ, அதாவது ஆறு சதவீதம். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப விசை கூடும் என்பதால், இந்த ஆறு சதவீதத்தை வேகமாக மாற்றினால் மூன்று சதவீதம்தான். முன்பு 25-இல் திரும்பிய வளைவில் இப்போது 25.8-இல் திரும்பினால் அதே எடைதான் மாறும். மணிக்கு முக்கால் கிலோமீட்டர்! மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் வரை பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். பதினான்கிலும் உனக்கு முன்னால் ஒரு அரசுப் பேருந்தோ லாரியோ போய்க்கொண்டிருக்கும். அந்த முக்கால் கிலோமீட்டரை எங்கே வைத்துச் செலவழிப்பாய், கண்ணு?

இனி கொடுப்பது எவ்வளவு என்று பார்ப்போம்.

சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருக்கிறதே, அது பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பதுதான் இந்தப் பையன்களின் முதல் குறை. அந்த இடைவெளி சும்மா விட்டதில்லை. சக்கரம் குழியிலும் மேட்டிலும் ஏறி இறங்குவதற்கு அதுதான் இடம். ஷாக் அப்சார்பருக்குள் பம்ப் ஸ்டாப் என்று ஒரு ரப்பர் துண்டு இருக்கும். ஸ்பிரிங் அமுங்கி அமுங்கி அதில் போய் முட்டும் வரைதான் சஸ்பென்ஷன் வேலை செய்யும். முட்டிய பிறகு அடி நேராக பாடிக்குப் போகும், உன் முதுகெலும்புக்கும் போகும்.

கார் நிற்கும் நிலையில் இருந்து பம்ப் ஸ்டாப் வரை 8 செ.மீ. இடம் என்று வைத்துக்கொள். மூன்று சென்டிமீட்டர் இறக்கினால் மிச்சம் 5 செ.மீ. ஸ்பிரிங் தாங்கும் ஆற்றல், அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எட்டெட்டு அறுபத்து நான்கு. ஐயைந்து இருபத்தைந்து. லோயரிங் ஸ்பிரிங் கொஞ்சம் கடினமாக இருக்குமே என்பாய். சரி, கால் பங்கு கடினம் என்று கூட்டிக்கொள், இருபத்தைந்து முப்பத்தொன்று ஆகும். அறுபத்து நான்கு எங்கே, முப்பத்தொன்று எங்கே? குழியில் விழும் அடியைத் தாங்கும் திறனில் பாதி போய்விட்டது. பழைய அளவுக்கே தாங்க வேண்டுமானால் ஸ்பிரிங் இரண்டரை மடங்கு கடினமாக வேண்டும். அப்படி ஒரு ஸ்பிரிங் போட்டால் நம் ஊர்ச் சாலையில் சக்கரம் தரையில் நிற்காது, துள்ளும். துள்ளுகிற டயருக்குப் பிடிப்பு ஏது? பிடிப்புக்காகச் செய்த வேலை பிடிப்பையே கெடுக்கும்.

இன்னும் இரண்டு விஷயம் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். கம்பெனி ஷாக் அப்சார்பர் கம்பெனி ஸ்பிரிங்குக்காகச் செய்தது. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் இரண்டும் ஒத்துப்போகாமல் ஷாக் சீக்கிரம் கசியும். இரண்டாவது, முன்பக்கம் ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷன் உள்ள கார்களில் பாடி இறங்கும்போது கீழே உள்ள கைகளின் கோணம் மாறி, கார் சாய்வதற்கான நெம்புகோல் நீளம் கூடவும் செய்யும். கேம்பர், டோ அளவுகளும் மாறும். அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் டயர் உள்பக்கமாகத் தேய்ந்து சில ஆயிரம் கிலோமீட்டரில் கம்பி தெரியும். வெளியே இருந்து பார்த்தால் டயர் புதிதாகவே இருக்கும். ஆபத்து அதில்தான்.

ஸ்பிரிங்கை வெட்டி இறக்குவது பற்றி ஒரே வரி. செய்யவே செய்யாதே. வெட்டிய ஸ்பிரிங்கின் முனை அதன் இருக்கையில் சரியாக உட்காராது. சக்கரம் முழுதாகத் தொங்கும்போது இடம் விட்டு நகர்ந்துவிடும். வளைவில் அது நகர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அவன் வரப்போகும் பாதையைப் பார்ப்போம். பெங்களூரில் இருந்து மைசூர், குண்டல்பேட்டை, பந்திப்பூர், முதுமலை வழியாகத்தான் வருவான். காட்டுக்குள் நுழைந்தால் வேகத்தடை வரிசையாக வரும். யானைக்கும் மானுக்கும் போட்ட வேகத்தடை, அதைக் குறை சொல்லக் கூடாது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. அப்படிச் சரியாகப் போட்ட வேகத்தடையிலேயே, முன் சக்கரமும் பின் சக்கரமும் இரண்டு பக்கமும் நிற்கும்போது, 2.6 மீட்டர் சக்கர இடைவெளி உள்ள காரின் வயிற்றுக்குக் கீழே 5 செ.மீ. குறைந்துவிடும். மாருதி ஸ்விஃப்ட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ., அதற்குக் கவலை இல்லை. ஸ்போர்ட்ஸ் காருக்கு 13 செ.மீ. என்று வை. மூன்று இறக்கினால் பத்து. வேகத்தடைக்கு ஐந்து போனால் மிச்சம் ஐந்து. அம்மா, அப்பா, மூன்று பெட்டி, ஒரு மூட்டை அரிசி ஏற்றினால் பின்பக்கம் இன்னும் தாழும். நம் ஊர் வேகத்தடை எத்தனை விதிப்படி போட்டது என்பது உங்களுக்கே தெரியும். காட்டுக்குள் அடி தட்டினால் இறங்கிப் பார்க்கவும் முடியாது. புலிகள் காப்பகத்துக்குள் வண்டியை விட்டு இறங்குவது தடை, அதற்குக் காரணமும் உண்டு.

மேலே வந்த பிறகுதான் நம் மலையின் உண்மையான பரீட்சை. இங்கே எதிரில் பேருந்து வந்தால் நாம் என்ன செய்வோம்? ஒதுங்குவோம். இடது சக்கரம் இரண்டையும் தாரை விட்டு மண்ணில் இறக்கி, பேருந்து போனதும் மேலே ஏறுவோம். தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் ஒரு சாண் பள்ளம் இருக்கும் இடங்கள் கோத்தகிரி பக்கமும் எஸ்டேட் ரோடுகளிலும் நிறைய. மழைக்குப் பிறகு கேட்கவே வேண்டாம். கார் தாழ்வாக இருந்தால் ஓட்டுபவனுக்கு இறங்க மனம் வராது. முன் பம்பர் உரசும் என்று நடுரோட்டிலேயே நிற்பான். பேருந்து ஓட்டுநர் பின்னால் போக வேண்டும், அவருக்குப் பின்னால் ஐந்து வண்டி. வேகத்தடையிலும் இதே கதை. அடி தட்டாமல் இருக்கக் குறுக்காக ஏற்றுவார்கள், கார் பாதி எதிர்ப்பக்கம் போய் நிற்கும். குழியைப் பார்த்தால் சட்டென்று வளைப்பார்கள். பக்கத்தில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் ரோட்டோரமாக நடந்து போகும். நடைமேடை இல்லாத ஊர் நம்முடையது.

அதனால்தான் இதை அவனவன் கார், அவனவன் பணம் என்று என்னால் விட முடியவில்லை. பிறருக்கு வழிவிட முடியாத கார் மலைச்சாலைக்கு ஆகாது. இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலையின் பழைய விதி, சட்டத்திலும் இருக்கிறது. அந்த விதியை மதிக்கக் காருக்குக் கால் நீளம் வேண்டும்.

அடுத்து அகலமான வீல். இதில் நான் கொஞ்சம் தாராளம்.

உதாரணத்துக்கு 205/55 ஆர்16 டயர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 205 என்பது மில்லிமீட்டரில் அகலம். 55 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. 16 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பக்கச்சுவர் சுமார் 113 மி.மீ. வருகிறது. டயரின் மொத்த விட்டம் 632 மி.மீ. இதற்குப் பதில் 225/45 ஆர்17 போட்டால் விட்டம் 634. அரை சதவீத வித்தியாசம்கூட இல்லை, ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. பக்கச்சுவர் 101 ஆகும். திரும்பும்போது டயர் குறைவாக நெளியும், ஸ்டீயரிங் கொஞ்சம் கூர்மையாகும். இந்த ஒரு படி போதும். 225/40 ஆர்18-க்குப் போனால் பக்கச்சுவர் 90 மி.மீ.தான். குழியில் அடித்தால் ரிம் வளையும், அல்லது பக்கச்சுவர் புடைத்துக்கொள்ளும். புடைத்த டயரை ஒட்ட முடியாது, தூக்கித்தான் போட வேண்டும். எங்கள் கடைக்கு வந்த வளைந்த ரிம்களில் பெரும்பாலானவை இந்த மெல்லிய டயர் வண்டிகளுடையவை என்று வீட்டுக்காரர் இன்றும் சொல்வார்.

ரிம் வாங்கும்போது விட்டத்தையும் அகலத்தையும் மட்டும் பார்ப்பார்கள். ஆஃப்செட் என்று ஒன்று உண்டு, ஈடி என்று ரிம்மிலேயே எழுதியிருக்கும். ரிம்மின் நடுக்கோட்டில் இருந்து, ஹப்பில் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு அது. ஏழு அங்குல அகலம், ஈடி 45 இருந்த இடத்தில் எட்டு அங்குலம், ஈடி 35 போட்டால் என்ன ஆகும்? அகலம் ஓர் அங்குலம் கூடியதில் பாதி, 12.7 மி.மீ., வெளியே போகும். ஆஃப்செட் குறைந்ததில் இன்னொரு 10. மொத்தம் ஏறக்குறைய 23 மி.மீ. சக்கரம் வெளியே தள்ளும். படத்தில் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் பேரிங்குக்குச் சுமை கூடும், குழியில் ஸ்டீயரிங் கையில் இருந்து பிடுங்கும், முழுதாகத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசும். கொண்டை ஊசி வளைவில் முழுதாகத் திருப்பாமல் எப்படி ஏறுவாய்? காரையும் இறக்கி, வீலையும் வெளியே தள்ளினால் உரசல் நிச்சயம். ஆகவே ஆஃப்செட் கம்பெனி கொடுத்த அளவை ஒட்டியே இருக்கட்டும். ஹப்பின் நடுத்துளை சரியாகப் பொருந்தட்டும். டயரின் சுமைக் குறியீடு பழையதைவிடக் குறையவே கூடாது. புதிய ரிம் பழையதைவிட எடை கூடுதலா என்று தராசில் வைத்துப் பார்த்து வாங்கு.

அகலமான டயர் என்றால் எப்போதும் பிடிப்பு அதிகம் என்ற நம்பிக்கையும் முழு உண்மை கிடையாது. காற்றழுத்தமும் எடையும் மாறாவிட்டால், தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய அதேதான். வடிவம்தான் மாறும். நீளம் குறைந்து அகலம் கூடும். உலர்ந்த சாலையில், திரும்பும்போது, இது நல்லது. மழைத்தண்ணீர் தேங்கிய சாலையில் அகலமான டயர் அதிகத் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். ஒதுக்க முடியாதபோது தண்ணீர் மேல் வழுக்கும். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. கூடலூர், ஊட்டி பக்கம் தென்மேற்கு. குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்கு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் பெய்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதோடு மூடுபனி, ரோட்டில் உதிர்ந்து ஊறிக் கிடக்கும் கற்பூரமர இலை, ஜனவரி விடியலில் தலைக்குந்தா பக்கம் உறைபனி. இந்த ஊருக்கு ஏற்ற டயர், அகலத்தைவிட ஈரத்தில் பிடிக்கும் ரப்பரும் ஆழமான பள்ளக்கோடும் உள்ள டயர்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கிய எல்லோருக்கும் ஒரு வேலை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் செய்த டயர். பள்ளக்கோடு நன்றாக இருந்தாலும் வயதான ரப்பர் கெட்டிப்பட்டுப் போயிருக்கும். முதலில் அதைப் பார். ரிம் அப்புறம்.

சரி, மிச்சப் பணத்தை எங்கே போடுவது? பிரேக்கில். அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் முந்நூற்றுச் சொச்சம். இறக்கம் ஏறக்குறைய 1,900 மீட்டர். ஆளோடு சேர்த்து 1,500 கிலோ கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது இழக்கும் ஆற்றல் முழுவதும் எங்காவது வெப்பமாகப் போயாக வேண்டும். அந்த வெப்பம் எண்பது லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். இரண்டு பெரிய அண்டாத் தண்ணீர்! நியூட்ரலில் போட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அத்தனையும் பிரேக் டிஸ்க்கில்தான் இறங்கும். இரண்டாவது கியரில் இறங்கினால் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நம் மலை ரயிலுக்குக் கல்லாறு முதல் குன்னூர் வரை பன்னிரண்டுக்கு ஒன்று சரிவு. 1899-இல் அதை ஓடவிட்டவர்கள் சக்கரத்தின் பிடிப்பை மட்டும் நம்பாமல் தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் வைத்தார்கள். காருக்கு அந்தப் பல்சட்டம் கீழ் கியர்தான்.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரி வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி உண்டாகும், மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி தரை வரை போகும். மசினகுடியில் இருந்து தலைக்குந்தா வரும் கல்லட்டிப் பாதையின் முப்பத்தாறு வளைவுகளில் மேலிருந்து கீழே இறங்குவது எவ்வளவு அபாயம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். 2018-இல் நடந்த கோர விபத்துக்குப் பிறகு வெளியூர் வண்டிகளுக்கு அங்கே கட்டுப்பாடு வந்தது. ஆகவே பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்று. நல்ல பேட் போடு. டிஸ்க் தேய்ந்திருந்தால் மாற்று. ஸ்பிரிங் செட் விலையில் இவை எல்லாம் முடியும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பிறகு டீச்சர் சொல்லவில்லையே என்று வரக்கூடாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததில் இருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு மாற்றி எழுதப்பட்டது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "ஸ்பிரிங் ஆர்.சி.யில் இல்லையே டீச்சர்" என்று வாதாடுவாய். பாகங்களை மாற்றிப் பொருத்துவதும் அந்தப் பிரிவில் வருகிறது. விபத்து என்று ஒன்று நடந்து, இன்சூரன்ஸ்காரர் காருக்கு அடியில் குனிந்து பார்க்கும் நாளில் வாதாடுவது கஷ்டம். உன் காரின் அதே மாடலில் மேல் வகைக்குக் கம்பெனியே கொடுக்கும் வீல், டயர் அளவுக்குள் நின்றுகொள். பாதுகாப்பான எல்லை அதுதான்.

"எனக்கு வேகம் பிடிக்கும், என்ன செய்யட்டும்?" என்று கேட்டால் அதற்கும் இடம் இருக்கிறது. மலையை விட்டு இறங்கினால் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. இந்தியப் பந்தயக் கார்களை வடிவமைத்த கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார், அவர் பெயரில் 2003-இல் திறந்த களம் அது. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையிலும் ஒன்று உண்டு. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் நம் கோயம்புத்தூர்க்காரர்தான். பந்தயக் களத்தில் தரை சமம், எதிரே பேருந்து வராது, காட்டெருமை குறுக்கே நிற்காது. அங்கே ஓட்டுவதற்கென்றே ஒரு கார் இருந்தால் தாராளமாக இறக்கு. நானும் வந்து பார்த்துக் கைதட்டுவேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு எஸ்டேட் வீட்டுக்கு வரும் அதே காரை இறக்காதே.

சில பிள்ளைகள் கமென்டில் எழுதத்தான் போகிறீர்கள்: "டீச்சர், அழகுக்காகத்தான் செய்றோம், வேகத்துக்காக இல்லை." அதை மறைக்காமல் சொல்பவனை எனக்குப் பிடிக்கும். அழகு தேவைதான். நானும் கல்யாணத்துக்குப் பட்டு கட்டுகிறவள்தான். ஆனால் பட்டுக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போவதில்லை. அழகு வேண்டுமென்றால் அதே அளவில் நல்ல வடிவமுள்ள, எடை குறைந்த ரிம் வாங்கு. பெயின்ட்டைப் பாலிஷ் செய். கண்ணாடியைப் பளபளப்பாக வை.

கடைசியாக, அவன் கேட்ட கேள்விக்கு வரிசைப்படி பதில்:

1. டயரின் வயதைப் பார். பழையதென்றால் நான்கையும் மாற்று. ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் டயராக வாங்கு.

2. பிரேக் ஆயில், பேட், டிஸ்க்.

3. ஷாக் அப்சார்பரும் புஷ்ஷும் சோர்ந்திருந்தால் கம்பெனி அளவிலேயே புதிதாகப் போடு. பழைய கார் வளைவில் தள்ளாடுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். இதை மாற்றிய பிறகும் ஸ்பிரிங் மாற்றத் தோன்றுகிறதா என்று பார்.

4. நல்ல கடையில் அலைன்மென்ட், பேலன்சிங்.

5. இவ்வளவும் முடிந்து பணம் மிச்சம் இருந்தால், ஒரு படி மேல் ரிம், கம்பெனி ஆஃப்செட்டை ஒட்டி.

லோயரிங் ஸ்பிரிங் இந்தப் பட்டியலில் இல்லை.

ஏற்கனவே காரை இறக்கியவர்கள் நம் பிள்ளைகளிலேயே இரண்டு மூன்று பேர் இருப்பது எனக்குத் தெரியும். கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு வருஷத்தில் எத்தனை முறை அடி தட்டியது, டயர் எப்படித் தேய்ந்தது, எவ்வளவு செலவானது என்று உள்ளதை உள்ளபடி கமென்டில் எழுதுங்கள். என் கணக்கில் பிழை இருந்தால் திருத்துங்கள். பத்து மதிப்பெண் தருகிறேன்.

சீசனில் ஊருக்கு வருகிறவர்கள் இ-பாஸ் விதிகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஏறுவதற்குக் குன்னூர் வழி, இறங்குவதற்குக் கோத்தகிரி வழி என்று மாற்றியிருந்தால் அதன்படியே போங்கள். பர்லியாறு பக்கம் பலாப்பழ நாட்களில் யானை நிற்கும், ஹார்ன் அடிக்காமல் காத்திருங்கள். வரும்போது வீட்டுக்கு வாருங்கள். எங்கள் வீட்டுச் சந்துக்குள் எந்தக் கார் நுழையும், எது நுழையாது என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
குன்னூர்